மீசை பெண்பால், ரவிக்கை ஆண்பால்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. கையில இன்னா, நோட்டா? பக்கம் பக்கமா கேள்வி எழுதிகினு வந்திருக்கியே! பிரெஞ்சு கிளாசுக்குப் போயி நாலு மாசம் ஆவல, அதுக்குள்ள "மேசை எப்படித் தாத்தா பொம்பளை ஆச்சு"ன்னு கேக்குற. உங்க டீச்சரம்மா "அது அப்படித்தான்"னு சொல்லி அனுப்பிட்டாங்களா? நல்ல டீச்சரம்மா. பொய் சொல்லத் தெரியாதவங்க.

நான் பாகூர் ஏரித் தண்ணியில வளந்தவன். 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமை வேணுங்கிறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம்னாங்க. எங்கப்பா எழுதிக் குடுத்துட்டாரு. அதனால நான் பட்டாளத்துக்குப் போயி ஊரு வாயில "சொல்தா" ஆனன். இலக்கணத்தைப் புத்தகத்துல படிக்கல. சார்ஜண்ட்டோட வசவுல படிச்சன். எனக்கு விதியோட பேரு தெரியாது, எங்க தப்பினா எங்க அடி விழும்னு தெரியும். அது போதும்னா கேளு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறன். இந்த நோட்டுல இருக்கிற கேள்வில பாதிக்குப் பிரெஞ்சுக்காரன் பொறுப்பில்ல. நீ தமிழ்ல நெனைக்கிற, அத்த இங்கிலீஷ்ல மாத்துற, அப்புறம் அங்கேருந்து பிரெஞ்சுக்குப் போற. ஊடால இங்கிலீஷைத் துபாசியா, மொழி மாத்திச் சொல்ற தரகனா வச்சிருக்க. துபாசின்னா கமிஷன் அடிக்காம இருப்பானா?

அன்னைக்கு கிளாசுல ஃபேன் ஓடலன்னு எழுந்து "ழெ சுயி ஷோ"ன்னியாமே. எல்லாரும் சிரிச்சாங்கன்னு மூஞ்சியத் தூக்கிகினு வந்த. சிரிக்க மாட்டாங்களா? "ஐ ஆம் ஹாட்"ட அப்படியே பேத்து வச்சிட்ட. அந்தச் சூடு ஃபேன் போட்டா அடங்குற சூடு இல்லப்பா. கட்டிக்கப் போறவகிட்டக்கூட யோசிச்சிதான் சொல்லணும். "ழே ஷோ"ன்னு சொல்லணும். என்கிட்ட சூடு இருக்குது, அவ்ளோதான். தமிழ்ல "நான் பசி"ன்னா சொல்ற? "எனக்குப் பசி"ன்ற. பிரெஞ்சுலயும் பசி, தாகம், குளிரு, பயம், தூக்கம் எல்லாம் மனுஷன் வச்சிகினு இருக்கிற சாமான். அதனாலதான் பசிக்கு "ழே ஃபேன்". வயசும் அந்தக் கணக்குதான். "எனக்கு இருபது வயசு"ன்னு நாம சொல்றோம், "ழே வேன்தான்"னு அவன் சொல்றான். நானே இருபதுன்னு சொல்லிகினு திரியறவன் இங்கிலீஷ்காரன்தான்.

அதே மாதிரி, சாப்ட்டு முடிச்சிட்டு "ழெ சுயி ஃபினி"ன்னு சொல்லாத. "என் கதை முடிஞ்சிபோச்சி"ன்னு கேக்குது, யாராவது ஆம்புலன்சுக்குப் போன் போட்டுடுவாங்க. "ழே ஃபினி"ன்னு சொல்லு. வயிறு நெறைஞ்சிடுச்சின்னு "ழெ சுயி ப்லேன்"னும் சொல்லாத. மனுஷன் சொன்னா தண்ணி போட்டிருக்கான்னு அர்த்தம். பசுமாட்டைச் சொன்னா சினையா இருக்குதுன்னு அர்த்தம். நீ எதுல சேத்தின்னு அவங்க உன் வயித்தைப் பாத்து முடிவு பண்ணுவாங்க.

துபாசிய வெரட்டிட்டுப் பாரு, எவ்ளோ லேசா இருக்குதுன்னு. "பத்து வருஷமா இங்க இருக்கன்"னு நாம சொல்றப்ப "இருக்கன்"னு நிகழ்காலத்துலதான் சொல்றோம். பிரெஞ்சுலயும் "தெப்யுயி" போட்டு நிகழ்காலம்தான். இங்கிலீஷ்லதான் அதுக்கு "ஹேவ் பீன்"னு நாலு வார்த்தை சுத்தி வரணும். "பதினஞ்சு நாள் கழிச்சி வா"ன்னு நாம ரெண்டு வாரத்துக்குச் சொல்றோமில்ல? அவனும் "கேன்ஸ் ழூர்"னு பதினஞ்சு நாள்னுதான் சொல்றான். ஒரு வாரத்துக்கு "உயி ழூர்", எட்டு நாள். கூட்டிப் பாத்து சண்டைக்குப் போவாத. எட்டும் எட்டும் பதினஞ்சுங்கிறது அந்த ஊரு கணக்கு.

கடையில கத்திரிக்காயைக் காட்டி "அதுல ரெண்டு குடு"ன்னு கேக்குறோமே, அந்த "அதுல"தான் உங்க டீச்சரம்மா ஒரு மணி நேரம் பலகையில எழுதின "ஆன்". "பத்து ரூபா எனக்குக் கொறையுது"ங்கிறதைத்தான் அவன் "இல் மெ மான்க்"னு ஆரம்பிக்கிறான். அதே வார்த்தைய வச்சிதான் "த்யு மெ மான்க்"ங்கிறான். நீ எனக்குக் கொறையுற. பாரீசுக்குப் போன புருஷனுக்குப் பொண்டாட்டி போன்ல சொல்றது அதுதான். இங்கிலீஷ் வழியா போனா "நான்" மொதல்ல வந்துடும், அப்புறம் யாரு யாருக்காக ஏங்குறாங்கன்னே மாறிடும். குடும்பத்துல அதைவிட வம்பு வேற இல்ல.

அடுத்து உன் நோட்டுல செவப்பு மையில கோடு போட்டிருக்கியே, எறந்தகாலம் ஏன் ரெண்டுன்னு. அடேய், உனக்கு ரெண்டு இல்லையா? "மழை பேஞ்சிகினு இருந்துது, அப்ப அவன் வந்தான்." பேஞ்சிகினு இருந்ததுக்கு ஒண்ணு, வந்ததுக்கு ஒண்ணு. "சின்ன வயசுல தெனம் ஏரிக்குப் போவன்"னு சொல்றனே, அந்தப் "போவன்" எறந்தகாலமா, எதிர்காலமா? ஆளு எறந்தகாலத்துல நிக்கிறான், வார்த்தை வேற எங்கியோ நிக்குது. வழக்கமா நடந்ததுக்கும், நடந்துகினு இருந்ததுக்கும் அவன் "எம்பார்ஃபே". நடந்து முடிஞ்சி போனதுக்கு "பாஸ்ஸே கொம்போஸே". ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழ்ல வாய்விட்டுச் சொல்லிப் பாரு. "கினு இருந்தான்" வந்தா ஒண்ணு, "ட்டான்" வந்தா இன்னொண்ணு. பத்துக்கு எட்டு சரியா இருக்கும். மீதி ரெண்டுல பிரெஞ்சுக்காரனே தலையச் சொறிவான்.

அந்தப் பாஸ்ஸே கொம்போஸேவுலதான் ஒரு கூத்து. பெரும்பாலான வினைக்கு "அவுவார்"னு "வச்சிருக்கிற" துணை. வர்றது, போறது, ஏறுறது, எறங்குறது, விழுறது, பொறக்குறது, சாவுறது மாதிரி சிலதுக்கு "ஏத்ர்"னு "இருக்கிற" துணை. அதனால வாழ்ந்தவனுக்கு அவுவார், செத்தவனுக்கு ஏத்ர். செத்தவன்தான் "இருக்கான்". இதுல எதுக்கு எதுன்னு உருப்போட்டு உருப்போட்டு ஒல்லியா ஆயிட்ட. ஆனா நீ கேட்டியே, ஏறுறதுக்கு ஒருக்கா ஏத்ர் போடுறாங்க, ஒருக்கா அவுவார் போடுறாங்கன்னு, அதுக்குத் தமிழன் முழிக்கவே கூடாது. "ஏறினன்" வேற, "ஏத்தினன்" வேற இல்லையா? மாடிக்கு நான் ஏறினா "ழெ சுயி மோன்தே". பெட்டிய ஏத்தினா "ழே மோன்தே லா வலீஸ்". எறங்கினா ஏத்ர், எறக்கினா அவுவார். இங்கிலீஷ்காரனுக்கு இத்த வெளக்க ஒரு பாடம் வேணும். நமக்கு ஒரு எழுத்து மாறினா போதும்.

சரி, மேசைக்கு வருவம். தமிழ்ல நமக்கு ராஜ வாழ்க்கை. மக்கள், தேவர், நரகர் உயர்திணை, மத்ததெல்லாம் "அது". மாடும் அது, மேசையும் அது, மந்திரியோட காரும் அது. பிரெஞ்சுல "அது"வுக்கு எடமே இல்ல. அதுக்குத் தாய்மொழியான லத்தீன்ல மூணாவதா ஒரு பால் இருந்துதாம். போவப்போவ அது தேஞ்சி, அதுல இருந்த சாமானெல்லாம் பெரும்பாலும் ஆண்பால் வீட்டுக்கும், கொஞ்சம் பெண்பால் வீட்டுக்கும் போயிடுச்சி. பாகப்பிரிவினை முடிஞ்சி ஆயிரம் வருஷம் கழிச்சி, அந்த அண்டா எப்படி சின்ன வீட்டுக்குப் போச்சின்னு கேட்டா யாரு பதில் சொல்லுவாங்க?

ஞாயம் தேடுனா பைத்தியம் புடிக்கும். ஆம்பளை மொகத்துல மொளைக்கிற மீசை "லா முஸ்தாஷ்", பெண்பால். தாடி "லா பார்ப்", அதுவும் பெண்பால். நீ போட்டிருக்கிற சட்டை "லா ஷெமீஸ்". பொம்பளைங்களுக்குன்னு தைக்கிற சட்டை "லெ ஷெமீஸியே", ஆண்பாலாம். ரவிக்கை "லெ கொர்சாழ்", அதுவும் ஆண்பால். நான் பட்டாளத்துல சேந்த அன்னைக்கு என் பேரு "லா ரெக்ரு", புது ஆளு, பெண்பால். துப்பாக்கியோட ராத்திரி வாசல்ல காவல் நின்னா "லா சான்தினெல்". மீசைய முறுக்கிகினு நிக்கிறன், இலக்கணத்துல நான் பொம்பளை. அதையும் ஒரு சார்ஜண்ட் மீசையத் தடவிகினே சொல்லிக் குடுத்தான்.

நமக்கு ஒத்து வர்றது ஒண்ணு உண்டு. சூரியன் வந்தான், நெலா வந்தாள்னு நாம கதை சொல்றோமில்ல, பிரெஞ்சுலயும் "லெ சொலேய்", "லா ல்யூன்". ஜெர்மன்காரன் இத்தத் தலைகீழாப் புடிப்பான். அது அவன் தலையெழுத்து.

முழுக்கக் கண்ணைக் கட்டி வுடலப்பா, வால் பாத்துக் கொஞ்சம் கண்டுபுடிக்கலாம். "சியோன்"னு முடிஞ்சா அனேகமா எல்லாம் பெண்பால். "மான்"னு முடிஞ்சா ஆண்பால். பொட்டைக் குதிரைக்கு "ழ்யுமான்"னு பேரு, அது மட்டும் வெலகிப் போவும், அதுக்கு நல்ல காரணமும் இருக்குது. "ஆழ்"னு முடிஞ்சா பெரும்பாலும் ஆண்பால். வில்லாழ், ஃப்ரொமாழ், வொயாழ், மரியாழ். கிராமம், பாலாடைக்கட்டி, பயணம், கல்யாணம், நாலும் ஆண்பால். ஆனா கடற்கரை "லா ப்லாழ்", கூண்டு "லா காழ்", படம் "யூன் இமாழ்", புத்தகப் பக்கம் "லா பாழ்". இதெல்லாம் பெண்பால். பக்கத்துக்குப் பேரே பாழ்னு வச்சிருக்கான், எழுதுறவன் பாடு அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது.

இன்னும் சில பேரு ரெண்டு வீட்டுலயும் சாப்புடும். "லெ லீவ்ர்"னா புத்தகம், "லா லீவ்ர்"னா எடை போடுற பவுண்டு. சைக்கிள்காரங்க ஃப்ரான்சைச் சுத்துறது "லெ தூர்". ஈஃபில் கோபுரம் "லா தூர்". லெவையும் லாவையும் மாத்திட்டா கோபுரம் சைக்கிள் ஏறிப் பொறப்பட்டுடும். அதனால இனிமே நோட்டுல வெறும் பேரை எழுதாத. "மேசை = தாப்ல்"னு எழுதுறது தப்பு. "லா தாப்ல்"னு எழுது. வார்த்தையோட லெ-லா வரலன்னா அந்த வார்த்தை இன்னும் உனக்கு வரலன்னு வச்சிக்கோ.

பாரீசுல மொழியப் பாத்துக்கிறதுக்குன்னே ஒரு சங்கம் இருக்குது. ரிஷ்லியே பாதிரியார் 1635-ல ஆரம்பிச்ச அகாதெமி ஃப்ரான்சேஸ். நாப்பது பேரு, பச்சைப் பூவேலை போட்ட கோட்டு, இடுப்புல கத்தி. அவங்களுக்குப் பட்டப்பேரு "சாவாதவங்க". ஆனா ஒருத்தரு செத்தாத்தான் அடுத்தவருக்கு நாற்காலி. அவங்க அகராதியோட எட்டாம் பதிப்பு 1935-ல முடிஞ்சிது, ஒன்பதாம் பதிப்பு 2024-ல முடிஞ்சிது. சாவாதவங்களுக்கு அவசரம் இன்னாத்துக்கு? கொரோனா வந்து ஊரே "லெ கோவித்"னு ஆண்பால்ல ரெண்டு மூணு மாசம் பொலம்பினப்புறம், 2020 மே மாசம் இவங்க வந்து "அது பெண்பால், லா கோவித்"னாங்க. கனடாவுல கேபெக்காரங்க "லா"தான். ஃப்ரான்சுல நெறைய பேரு இன்னும் "லெ"தான்.

இன்னொரு கூத்து, வெங்காயம். அதுக்கு "ஒன்யோன்"னு சொல்லுவாங்க, ஆனா எழுதும்போது நடுவுல வாயில வராத ஒரு எழுத்து உக்காந்திருக்கும். 1990-ல சுமார் ரெண்டாயிரம் வார்த்தைக்கு எழுத்துத் திருத்தம் போட்டப்ப, அந்த எழுத்து இல்லாமயும் எழுதலாம்னாங்க. ரொம்பப் பேரு அப்படி எழுதல. 2016-ல பள்ளிப் புத்தகத்துல அப்படி அச்சடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஃப்ரான்சே கொதிச்சிப் போச்சி. வெங்காயத்துலேருந்து ஒரு எழுத்தை உரிச்சதுக்கு அத்தினி பேரு அழுதாங்க.

இப்ப காது கதைக்கு வா. எழுதினதுல பாதிய ஏன் வாயில சொல்ல மாட்றாங்கன்னு கேட்டிருக்க. கடைசியில நிக்கிற மெய்யெழுத்து பலதும் ஊமை. அதனால பச்சை, கண்ணாடி, புழு, "அந்தப் பக்கமா" எல்லாத்துக்கும் ஒரே சத்தம், "வேர்". ஒருவித அணில் தோலுக்கும் அதே "வேர்"தான். சின்ட்ரெல்லாவோட செருப்பு கண்ணாடியா, அணில் தோலான்னு பால்சாக் வரைக்கும் பெரிய எழுத்தாளருங்க அடிச்சிகினாங்க. கண்ணாடி ஜெயிச்சிது. கால்ல குத்துச்சான்னு யாரும் கேக்கல.

ஆனா அடுத்த வார்த்தை உயிரெழுத்துல ஆரம்பிச்சா அந்த ஊமை வாயத் தொறந்துடும். "லே"யும் "அமி"யும் சேந்தா "லேஸமி". இத்தப் பாத்து ஏன் பயப்படுற? பூவும் கடையும் சேந்தா பூக்கடை, நடுவுல ஒரு க் எங்கேருந்து வந்துது? மாவும் இலையும் சேந்தா மாவிலை, அந்த "வ்" யாரு குடுத்தாங்க? உடம்படுமெய்னு எட்டாவதுல படிச்ச. பிரெஞ்சுலயும் "ஆ"வும் "இல்"லும் முட்டிக்கக் கூடாதுன்னு நடுவுல ஒரு "த்" வச்சி "ஆதில்"னு கேக்குறாங்க. அது உடம்படுமெய்தான். உங்க தமிழய்யா நடத்தினப்ப தூங்கினதுக்கு இப்ப பணம் கட்டிப் படிக்கிற.

ஒரு எடத்துல மட்டும் சேக்காத. "எரோ"ன்னா வீரன். எழுத்துல முன்னால ஒரு "எச்" இருக்கும், சத்தம் வராது, ஆனா வாசல்ல கட்டை போட்ட மாதிரி யாரையும் சேர விடாது. "லே எரோ"ன்னு நிறுத்திச் சொல்லணும். சேத்து "லேஸெரோ"ன்னு சொன்னா வீரருங்க எல்லாம் சைபருங்க ஆயிடுவாங்க. சொதந்திர நாள் மேடையில சொல்லிப் பாரு, தெரியும். வேடிக்கை இன்னான்னா, வீரனுக்கு இருக்கிற அந்தக் கட்டை வீராங்கனைக்குக் கெடையாது. "லெரொயின்"னு தாராளமா ஒட்டிக்கலாம்.

தமிழன் தடுக்கி விழுற எடம் வேற. நமக்கு "ஸ" ஒண்ணுதான். அவனுக்கு ரெண்டு. "பொவாஸோன்" மீனுக்கும் உண்டு, விஷத்துக்கும் உண்டு. மீனுக்கு வெறும் காத்துதான் சீறும். விஷத்துக்குத் தொண்டை அதிரும். கைய இப்படிக் கழுத்துல வச்சிப் பாரு, அதிர்ந்தா அன்னைக்குச் சாப்பாடு வேணாம். தமிழ்ல எழுதி வச்சிகினு படிக்கிறியே, ரெண்டுக்கும் ஒரே எழுத்து. அதான் ஆபத்து. நம்ம ஆளுங்க "ழான் பால் சார்த்ரு"ன்னு எழுதுறாங்க. நம்ம ழகரத்தை நாக்கை மடிச்சி உருட்டிக் கூப்ட்டா அந்த ழான் திரும்பியே பாக்க மாட்டான். இதுக்கெல்லாம் எழுத்து ஒதவாது, காதுதான். மூக்குல பேசுறதுக்கு ஒரு பயிற்சி வாக்கியம் குடுப்பாங்க, "அன் போன் வேன் ப்லான்"னு. நாலு மூக்கொலியும் அதுல இருக்குது. அர்த்தம், ஒரு நல்ல வெள்ளை ஒயின். ஆயாகிட்ட சொல்லிடாத, பாடம்னா நம்ப மாட்டா.

விருந்துக்குப் போனா "ப்ல்யூ"வுல ஜாக்கிரதை. பேச்சுல "ழான் வொ ப்ல்யூ"ன்னா "இனிமே வேணாம்". அதே கடைசியில "ஸ்"ஸச் சேத்து "ப்ல்யூஸ்"னா "இன்னும் வேணும்". ஒரு "ஸ்"ஸுல தட்டு நெறையும், இல்ல காலியா போவும். யாராவது "இன்னும் கொஞ்சம்?"னு கேக்கும்போது நீ மரியாதையா "மெர்சி"ன்னா, வேணாம்னு நெனச்சி பாத்திரத்தை எடுத்துகினு போயிடுவாங்க. வேணும்னா "வொலோந்தியே" சொல்லு. பசியோட திரும்பி வந்தவங்க நம்ம ஊருல நெறைய பேரு இருக்காங்க.

துபாசிய நம்பிச் சாப்பாட்டுக் கடையில இன்னொண்ணும் கேட்டுடாத. ஜாம்ல கெடாம இருக்க மருந்து போட்டிருக்கான்னு "ப்ரெஸெர்வாதிஃப்" இருக்குதான்னு கேட்ட பொண்ணு ஒண்ணு உண்டு. அது ஆணுறை. கடைக்காரன் பக்கத்து மருந்துக் கடையக் காட்டினான். கோயில்ல ஃபாதர்கிட்ட ஆசி வேணும்னு "ப்லெஸ்ஸே முவா"ன்னு கேக்காத, காயப்படுத்தச் சொல்ற. "லிப்ரேரி"க்குப் போயி இரவல் புத்தகம் கேக்காத, அது விலைக்கு விக்கிற கடை. நூலகம் "பிப்லியோதேக்". ஒரே மாதிரி இருக்கிற வார்த்தையப் பாத்தா நம்பாத, அவ்ளோதான்.

எண்ணு. இது உன் நோட்டுல ரெண்டு பக்கம். அறுபத்தொம்பது வரைக்கும் ஒழுங்கா வருவான். எழுபதுக்கு "அறுவது-பத்து". எம்பதுக்கு "நாலு இருபது". தொண்ணூத்தி ஏழுக்கு "நாலு இருபது பத்து ஏழு". போன் நம்பரை ரெண்டு ரெண்டா சொல்லுவாங்க, நீ 4 எழுதி, 20 எழுதி, 10 எழுதி, கடைசியில 7 எழுதுவ. நம்பரு நீண்டுகினே போவும். இருபது இருபதா எண்ணுறது அவங்க பழைய வழக்கம். பாரீசுல குருடருங்களுக்காக லூயி மகாராசா பதிமூணாம் நூத்தாண்டுல கட்டின ஆஸ்பத்திரிக்கு இன்னும் "கேன்ஸ் வேன்"னுதான் பேரு. பதினஞ்சு இருபது, முந்நூறு படுக்கை. பெல்ஜியம்காரனும் சுவிஸ்காரனும் "செப்தான்த்", "நொனான்த்"னு எழுபதையும் தொண்ணூறையும் ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். சுவிஸ்ல சில எடத்துல எம்பதுக்கும் "உயித்தான்த்" உண்டு. அவங்களைப் பாத்துப் பிரெஞ்சுக்காரன் சிரிப்பான், நாலு இருபது பத்து ஏழுன்னு எண்ணி முடிச்சிட்டு. நீயும் ரொம்பச் சிரிக்காத. எம்பதுக்கு அப்புறம் நூறு வர்றதுக்கு முன்னாலயே "தொண்ணூறு"ன்னு நூறைக் கூப்புடுறவன் நீ. ஆயிரம் வர்றதுக்கு முன்னால "தொள்ளாயிரம்". ஏன்னு உன்னை வெள்ளைக்காரன் கேட்டா "அது அப்படித்தான்"னுதான சொல்லுவ?

"த்யு"வா, "வூ"வான்னு கேட்டிருக்க. இதுல தமிழனுக்கு ஒரு பாடமும் வேணாம். நீ, நீங்க. உன் மாமனைக் கூப்புட எது வாயில வருமோ அதான். ஆனா ரெண்டு எடத்துல வழி பிரியும். நம்ம வீட்டுல பொண்டாட்டி "நீங்க"ன்னுவா, புருஷன் "நீ"ன்னுவான். அங்க அப்படி ஒருதலையா செல்லாது. ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்லுவாங்க, அனேகமா "த்யு". ஆனா ஜனாதிபதியா இருந்த ழாக் ஷிராக்கும் அவரு சம்சாரமும் கடைசி வரைக்கும் "வூ"தான். ஜோடியா இருந்த எழுத்தாளருங்க சார்த்ரும் சிமோன் தெ போவ்வாரும்கூட ஒருத்தருக்கொருத்தர் "வூ". இன்னொண்ணு, தெரியாத பெரியவங்களுக்கு "த்யு" போட்டா செருப்படி மாதிரி. 2018 ஜூன் 18-ஆம் தேதி ஒரு பையன் மக்ரோன் ஜனாதிபதியச் செல்லப்பேரு சொல்லிக் கூப்ட்டான். அவரு கேமரா முன்னாலயே நிறுத்தி, "மிசியே" சொல்லுன்னு புத்தி சொல்லி அனுப்பினாரு. சாமிக்கு மட்டும் பயமில்ல. கத்தோலிக்கருங்க ஜெபத்துல 1966-லேருந்து சாமிய "த்யு"தான். நாம எப்பவுமே அவரை "நீ"தான.

அடைமொழிய முன்னால வைக்கணுமா பின்னாலயான்னும் எழுதியிருக்க. தமிழ்ல முன்னாலதான், வேற பேச்சில்ல. அங்க எடம் மாறினா அர்த்தம் மாறும். "க்ரான் ஓம்"னா பெரிய மனுஷன். "ஓம் க்ரான்"னா ஒசந்த ஆளு. நெப்போலியன் இதுல மொத வகை மட்டும். ஜனாதிபதியா இருந்த தெகோல் 1.96 மீட்டர், ரெண்டும் அவருதான். நீ இப்போதைக்கு ரெண்டுலயும் இல்ல.

கடைசியில பெரிய வில்லங்கம். "எழுதின கடிதம்"னு சொல்லும்போது ஏன் வினையில வால் மொளைக்குதுன்னு கேட்டிருக்க. "ழே எக்ரி லா லெத்ர்". இங்க கடிதம் பின்னால வருது, "எக்ரி" சும்மா இருக்கும். "லா லெத்ர் கெ ழே எக்ரித்". இங்க கடிதம் முன்னால வந்துடுச்சி, அது பெண்பாலு, அதனால "எக்ரி" "எக்ரித்" ஆவும். முன்னால நடந்து போற பொம்பளையப் பாத்தா வினை வணங்கும், பின்னால வந்தா கண்டுக்காது. இந்த விதிய பதினாறாம் நூத்தாண்டுல க்லெமான் மரோன்னு ஒரு கவிஞரு இத்தாலிக்காரனைப் பாத்துக் கொண்டாந்து பரப்பினாரு. இத்தாலியிலேருந்து மரோ ரெண்டு வியாதி கொண்டாந்தாரு, அதுல இது மோசம்னு வோல்தேர் கிண்டல் பண்ணினதா சொல்லுவாங்க. 2018-ல பெல்ஜியத்துல வாத்தியாரா இருந்த ரெண்டு பேரு, அவுவார் வந்தா இந்த வாலை வெட்டிடலாம்னு பத்திரிகையில எழுதினாங்க. ஏகப்பட்ட சத்தம். வால் இன்னும் ஆடிகினுதான் இருக்குது. என் புத்தி இதுதான்: எழுதும்போது வால் போடு, பேசும்போது மறந்துட்டா வெக்கப்படாத. பிரெஞ்சுக்காரனே பேச்சுல பாதி நேரம் முழுங்கிடுவான்.

"சுப்ழோன்க்தீஃப்"புக்கு ரொம்ப நேரம் வேணாம். வேணும், பயமா இருக்குது, சந்தேகமா இருக்குதுன்னு மனசுல ஓடுற சமாசாரத்துக்கு அது. "இல் ஃபோ கெ" வந்தா கட்டாயம் போடு. நடக்குறதுக்கு முன்னாலங்கிற "அவான் கெ"வுக்குப் போடு. நடந்ததுக்கு அப்புறங்கிற "அப்ரே கெ"வுக்குப் போடாத, நடந்து முடிஞ்சது நடந்ததுதான். ரேடியோவுல பேசுற பிரெஞ்சுக்காரங்க அங்கயும் போட்டுத் தொலைப்பாங்க. நீ அவங்களைத் திருத்தாத, விசா கெடைக்காது.

கனடாவுக்குன்னு படிக்கிற, அதனால ஒண்ணே ஒண்ணு. ஃப்ரான்சுல ரோட்டுப் பலகையில "ஸ்டாப்"னு இருக்கும். கேபெக்குல "ஆரே"ன்னு இருக்கும். ரெண்டுக்கும் நில்லு. ஃப்ரான்சுல "தீனே"ன்னா ராத்திரிச் சாப்பாடு. கேபெக்குல, பெல்ஜியத்துல, சுவிஸ்ல பெரும்பாலும் மத்தியானச் சாப்பாடு, ராத்திரிக்கு "சூப்பே". கூப்ட்டவங்க எந்த ஊருன்னு கேட்டுட்டுப் பொறப்படு. இல்லன்னா ஆறின சோறுதான்.

நாளைக்கு வாய்த்தேர்வுன்ற. ரூமுக்குள்ள நொழைஞ்சதும் மொத வார்த்தை "போன்ழூர், மதாம்". அத்தச் சொல்லாம வாயத் தொறந்தா, ரொட்டிக் கடையிலகூட அங்க மதிக்க மாட்டாங்க. கேட்ட பிற்பாடு குந்து. கடைசி வரைக்கும் "வூ"ன்னே பேசு. லெ-லா தப்பா வந்துட்டா நிறுத்தித் திருத்திக்கோ, திருத்திகினா தப்புன்னு எடுத்துக்க மாட்டாங்க. அவங்க கேக்குறது புரியலன்னா "பார்தோன்"னு சொல்லித் திரும்பக் கேளு. இங்கிலீஷ்ல மட்டும் கேக்காத.